விசிறித்தொண்டை ஓணான்கள்

விசிறித்தொண்டை ஓணான்கள் இந்தியத் துணைக்கண்டத்தின் வறண்ட வெட்டவெளிகளில் வாழும் சிறிய தரைவாழ் ஓணான்கள். வேலியோரத்தில் தலையாட்டும் தோட்டத்து ஓணானும், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரத்துக்கு மரம் சறுக்கிச் செல்லும் பறக்கும் ஓணானும் இவற்றின் உறவினர்கள். மூன்றும் அகாமிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மற்ற இரண்டும் செடியையும் மரத்தையும் நம்பி வாழ, இவை மட்டும் தரையையே நம்பி வாழ்கின்றன. கடலோர மணல்மேடு, புதர்கள் சிதறிக் கிடக்கும் செம்மண் வெளி, அறுவடை முடிந்து கிடக்கும் மானாவாரி நிலம், தக்காணத்தின் உயரத்தில் புல்லும் பாறையுமாகப் பரந்த மேட்டுநிலம் என வெயில் தடையின்றி விழும் இடங்களில் இவை இருக்கும். நேபாளத்தின் தராய் சமவெளி முதல் கன்னியாகுமரி வரையிலும், கடல் தாண்டி இலங்கையின் உலர்வலயக் கரையோரங்களிலும் இவை காணப்படுகின்றன. இப்போது இவை சிட்டானா, சரடா என்ற இரு பேரினங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. விவரிக்கப்பட்ட சிற்றினங்களின் எண்ணிக்கை இருபதை நெருங்குகிறது.

உருவத்தில் இவை மிகச் சிறியவை. மூக்கு நுனியிலிருந்து குதம் வரை அளந்தால் பெரும்பாலான சிட்டானாக்கள் 4 முதல் 5.5 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். சரடாக்கள் சற்றுப் பெரியவை. வால் உடலைவிட மிக நீளமானது. வீட்டுப் பல்லியைப் போல ஆபத்து நேரத்தில் வாலைத் துண்டித்துக்கொண்டு ஓடும் வழக்கம் இவற்றுக்கு இல்லை. ஓட்டத்துக்கு அந்த வால் முழுதாகத் தேவை. பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு நீளமானவை. விரட்டப்படும்போது இந்த ஓணான் முன்னுடலைத் தூக்கி, பின்னங்கால்கள் இரண்டை மட்டும் ஊன்றிச் சில அடி தூரம் பாய்ந்துவிடும். அப்போது பின்னால் நீட்டிய வால்தான் எடையைச் சமன்செய்கிறது.

பின்னங்காலில் நான்கு விரல்களே இருப்பது இக்குழுவின் தெளிவான அடையாளம். ஓணான்களுக்குப் பொதுவாக ஐந்து விரல்கள் உண்டு. காட்டில் வாழும் இவற்றின் மிக நெருங்கிய உறவினங்களுக்கும் ஐந்துதான். விசிறித்தொண்டை ஓணான்களில் ஐந்தாவது வெளிவிரல் மறைந்துவிட்டது. கிளையைப் பற்றி ஏறும் விலங்குக்கு அந்த விரல் பிடிமானம் தரும். சமதரையில் ஓடும் விலங்குக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஓடுவதையே தொழிலாகக் கொண்ட வேறு பல விலங்குகளிலும் விரல்கள் இப்படிக் குறைந்திருப்பதால், இந்த இழப்பையும் தரைவாழ்வோடு இணைத்துப் பார்ப்பதே பொருத்தம்.

முதுகில் மண்ணின் நிறமும், நடுவே வரிசையாகச் சாய்சதுர வடிவக் கரும்பட்டைகளும் இருக்கும். செதில்கள் நடுவில் கூரிய முகடு கொண்டவை. ஒளியைப் பளபளப்பாகத் திருப்பி அனுப்பாமல் சிதறவிடுபவை. அசையாமல் இருக்கும் ஓணானைச் சருகுக்கும் கூழாங்கல்லுக்கும் இடையே பிரித்தறிவது கடினம். பெண்ணும் இளம் குட்டியும் ஆண்டு முழுவதும் இந்த மறைப்பிலேயே காலம் கழிக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி ஆணும் அப்படித்தான். இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் ஆண் அந்த மறைப்பைத் துறந்து, பார்ப்பவர் எவர் கண்ணிலும் படும்படி மேடான ஓர் இடத்தில் ஏறி நிற்கிறது.

அங்கே அது விரித்துக் காட்டும் விசிறி என்பது தாடையின் கீழிருந்து மார்பு வரையிலும், சில சிற்றினங்களில் வயிற்றின் நடுப்பகுதி வரையிலும் நீளும் தோல் மடிப்பு. ஓய்வு நேரத்தில் அது தொண்டையோடு ஒட்டி மடிந்து கிடக்கும். தொண்டைக்குள் நாக்கைத் தாங்கும் நாவடி எலும்பு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து மெல்லிய குருத்தெலும்புக் கம்பிகள் பின்னோக்கி நீள்கின்றன. தசைகள் சுருங்கும்போது அந்தக் கம்பிகள் கீழ்நோக்கிச் சுழன்று, குடைக்கம்பி துணியை விரிப்பதுபோல் தோலை விரிக்கின்றன. தசை தளர்ந்ததும் தோலின் இழுவிசையால் விசிறி மடிந்துவிடும். காற்றை நிரப்பி ஊதிப் பெருக்கும் தவளையின் குரல்பைக்கும் இதற்கும் தொடர்பில்லை. எலும்பாலும் தசையாலும் இயங்குவதால்தான் நொடிக்குள் விரித்து மூடவும், அடுத்தடுத்துப் படபடவென்று அடிக்கவும் முடிகிறது. அமெரிக்கக் கண்டங்களில் வாழும் அனோலிஸ் ஓணான்களுக்கும் இதே அமைப்பில் தொண்டை விசிறி உண்டு. அவை முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரே உறுப்பு உலகின் இரு மூலைகளில் தனித்தனியே தோன்றியிருப்பதற்கு இது நல்ல சான்று.

விசிறியின் நிறத்திலும் அளவிலும் சிற்றினத்துக்குச் சிற்றினம் வேறுபாடு பெரிது. தென்னிந்தியக் கடலோரச் சிட்டானாக்கள் பலவற்றில் விசிறி வெண்மையோ மங்கிய மஞ்சளோ ஆக இருக்கும். நீளவாக்கில் ஒரு நீலக்கோடும் ஆங்காங்கே செம்மஞ்சள் சாயலும் ஓடும். மகாராட்டிரம், வட கர்நாடகம் பகுதிகளில் வாழும் சரடா ஆண்களின் விசிறியிலோ ஆழ்ந்த நீலம், கருப்பு, செம்மஞ்சள் மூன்றும் அடுத்தடுத்து நிற்கும். துணைக்கண்டத்து ஊர்வனவற்றில் இதற்கு இணையான நிறச்சேர்க்கை அரிது. நிறம் மிகுந்த விசிறி கொண்டவற்றில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான உடலளவு வேறுபாடும் அதிகம். ஆண்கள் ஒன்றோடொன்று கடுமையாகப் போட்டியிடும் விலங்குகளில்தான் பெரும்பாலும் ஆண் உடல் இப்படிப் பெருக்கிறது. சரடா ஆண்கள் எல்லைக்காக ஒன்றையொன்று கடித்துப் புரண்டு சண்டையிடுவதை மேட்டுநிலங்களில் ஆய்வு செய்தவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

வெயில் ஏறும் மாதங்களில் விசிறி வளரத் தொடங்கி, நிறம் தெளிந்து, மழைக்காலம் முடியும்போது மீண்டும் சுருங்கி மங்கிவிடும். பருவத்தில் ஆண் ஒரு கல்லையோ, மண்கட்டியையோ, குட்டைச் செடியின் தலையையோ தன் மேடையாகத் தேர்கிறது. அங்கே முன்னங்கால்களை நேராக நிமிர்த்தி, தலையை உயர்த்தி, விசிறியைத் திரும்பத் திரும்ப விரித்து மூடுகிறது. இடையிடையே உடலைத் திருப்பி வேறு திசையைப் பார்த்து மறுபடி தொடர்கிறது. விசிறி தட்டையானது, பக்கவாட்டில் நிற்பவருக்கே முழுமையாகத் தெரியும். ஆண் நாலாபுறமும் திரும்பித் திரும்பி ஆடுவது இதனால்தான். பார்ப்பவை இரு வகை: அந்த எல்லைக்குள் வர நினைக்கும் இன்னோர் ஆண், அருகில் மறைந்திருக்கும் பெண். முன்னதற்கு அது எச்சரிக்கை, பின்னதற்கு அழைப்பு. பகலில் இயங்கும் ஓணான்கள் மனிதக் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா ஒளியையும் காணக்கூடியவை. எனவே மனிதருக்கு வெறும் வெண்மையாகத் தோன்றும் தோல் அவற்றுக்கும் வெறும் வெண்மையாகத் தோன்றும் என்று கொள்ள முடியாது.

இந்த ஆட்டம் வெட்டவெளியில் மட்டுமே இவ்வளவு பயன்தரும். அடர்ந்த காட்டில் ஓர் அசைவு சில அடி தூரத்துக்குள் இலைகளில் மறைந்துவிடும். மரமற்ற தரையில் ஒரு சாண் உயரக் கல் போதும், பல மீட்டர் தொலைவுக்கும் செய்தி போய்ச் சேரும். அதே காரணத்தால் ஆபத்தும் பெருகுகிறது. பெண்ணுக்குத் தெரியும் விசிறி வானத்தில் வட்டமிடும் வைரிக்கும் தெரியும். விசிறி மின்னலாக விரிந்து மறுநொடியே மறைவதில் இந்த இரு நெருக்கடிகளுக்கும் இடையிலான சமரசம் தெரிகிறது. வண்ணத்தை முதுகில் நிரந்தரமாக அணிந்தால் எந்நேரமும் ஆபத்து. தொண்டையில் மடித்து வைத்தால் வேண்டும்போது மட்டும் காட்டலாம்.

முட்டையிடும் பொறுப்பு முழுவதும் பெண்ணுடையது. மண் இளகலாகவும் வெயில் படும்படியும் இருக்கும் இடத்தைத் தேடி, முன்னங்கால்களால் குழி பறித்து, அதில் முட்டைகளை இட்டு, மண்ணைத் தள்ளி மூடுகிறது. மூடிய மண்ணைத் தலையால் அழுத்தி இறுக்கிச் சமன்செய்துவிட்டுப் போய்விடும். பிறகு காவலும் இல்லை, கவனிப்பும் இல்லை. முட்டையின் ஓடு கோழிமுட்டை ஓடுபோல் கடினமாக இருப்பதில்லை. தோல்போல் நெகிழ்ந்த அந்த ஓடு மண்ணிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; கரு வளர வளர முட்டை வீங்கும். ஆகவே குழி மிக மேலாக இருந்தால் முட்டை வெந்துவிடும், ஈரமற்ற மண்ணில் வற்றிவிடும். கோடையின் வெப்பமும் அதைத் தொடரும் மழையின் ஈரமும் சந்திக்கும் பருவத்தில் முட்டைகள் மண்ணுக்குள் இருப்பது வாழ்க்கைச் சுழற்சியின் முக்கியமான கணக்கு. மழைக்குப் பின் புழுபூச்சி பெருகும் நாட்களில் குட்டிகள் வெளிவருகின்றன. அவை வேகமாக வளர்ந்து அடுத்த பருவத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும்.

வறட்சியைத் தாங்குவதில் இந்த ஓணான்களின் உடல் மற்ற ஊர்வனவற்றுக்குப் பொதுவான சில வசதிகளைப் பயன்படுத்திக்கொள்கிறது. கெரட்டின் என்னும் புரதமும் கொழுப்புப் படலங்களும் அடுக்கடுக்காக அமைந்த தோல், உடலின் நீர் ஆவியாகி வெளியேறுவதைத் தடுக்கிறது. பாலூட்டிகள் நைட்ரசன் கழிவை யூரியாவாக நீரில் கரைத்து வெளியேற்ற வேண்டும். அதற்குத் தண்ணீர் நிறையச் செலவாகும். ஓணான்கள் அதை யூரிக் அமிலமாக மாற்றி, ஏறக்குறைய திடமான வெண்ணிறப் பசையாக வெளியேற்றுகின்றன. நீர்த்தேவையின் பெரும்பங்கு இரையாகும் பூச்சிகளின் உடல் ஈரத்திலிருந்தே கிடைத்துவிடுகிறது. உடலை வெப்பமாக வைத்திருக்க உணவை எரிக்க வேண்டியதில்லை என்பதால், அதே எடையுள்ள சுண்டெலிக்குத் தேவைப்படும் உணவில் மிகச் சிறு பங்கே போதும். இரை குறைந்த மாதங்களைக் கடக்க இந்தச் சிக்கனம் கைகொடுக்கிறது.

வெப்பத்தைச் சமாளிப்பதில் உடலமைப்பைவிட நடத்தைக்கே பங்கு அதிகம். கோடை நண்பகலில் திறந்த மணலின் மேற்பரப்பு 50 பாகை செல்சியசைத் தாண்டிவிடும். பகற்பொழுது ஓணான்கள் சுறுசுறுப்பாக இயங்கும் உடல்வெப்பம் 35 பாகையை ஒட்டியது. இந்த இடைவெளியை நாள் முழுவதும் இடம் மாறி மாறியே இவை சரிக்கட்டுகின்றன. காலையில் உடலைத் தட்டையாக்கி மண்ணோடு படிந்து, சூரியனுக்கு முதுகைக் காட்டிச் சூடேற்றிக்கொள்ளும். சூடேறியதும் இரைதேடலும் ஆட்டமும் தொடங்கும். வெயில் உச்சிக்கு வரும்போது கால்களை நிமிர்த்தி வயிற்றையும் வாலையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளும். தரையோடு ஒட்டிய காற்றைவிடச் சில சென்டிமீட்டர் உயரத்திலுள்ள காற்று குறிப்பிடத்தக்க அளவு குளிர்ச்சியானது. அதுவும் போதாதபோது செடியின் நிழலுக்கோ வெடிப்புக்கோ ஒதுங்கிவிடும். மாலை இறங்கும்போது மீண்டும் வெளிவரும். இதற்கு நிழலும் வெயிலும் ஓரிரு அடி தூரத்தில் மாறி மாறிக் கிடைக்க வேண்டும். ஒரேயடியாக நிழல் மூடிய நிலமும் உதவாது, ஒரு புதர்கூட இல்லாத பொட்டலும் உதவாது.

எறும்பு, கறையான், வண்டு, வெட்டுக்கிளி, சிலந்தி ஆகியவை இவற்றின் இரை. பெரும்பாலும் ஓரிடத்தில் அசையாமல் காத்திருந்து, கண்ணில் பட்டதும் குறுகிய தூரம் பாய்ந்து கவ்வும். இவற்றைத் தேடி வருபவை இன்னும் பல: வைரி, வல்லூறு, கருந்தோள் பருந்து, பனங்காடை, கீச்சான், தரையில் சுருட்டை விரியன் முதலான பாம்புகள். பூச்சிக்கும் பருந்துக்கும் நடுவே நின்று, வறண்ட நிலத்தின் உணவுச் சங்கிலியில் ஒரு முக்கியமான கண்ணியாக இந்தச் சிறிய ஓணான் இருக்கிறது.

அறிவியல் உலகுக்கு இவை அறிமுகமானது புதுச்சேரி வழியாக. பிரெஞ்சு விலங்கியலாளர் ஜார்ஜ் குவியர் 1829-இல் சிட்டானா என்ற பேரினத்தை நிறுவி, அங்கிருந்து சென்ற மாதிரிக்கு அவ்வூரின் பெயராலேயே சிட்டானா பாண்டிசெரியானா என்று பெயரிட்டார். 1870-இல் இயற்கையியலாளர் ஜெர்டன் தக்காணத்து வடிவத்தைத் தனிச் சிற்றினமாக விவரித்தார். ஆனால் பின்வந்தோர் அதை ஏற்கவில்லை. தொண்டையில் விசிறியும் காலில் நான்கு விரலும் இருந்தால் அது புதுச்சேரிச் சிட்டானாதான் என்று முடிவுகட்டும் போக்கு இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரை நீடித்தது. நேபாளத்திலிருந்து 1998 முதல் சில புதிய சிற்றினங்கள் விவரிக்கப்பட்டபோதுதான் அந்தப் போக்கில் முதல் விரிசல் விழுந்தது. அருங்காட்சியகச் சாடியில் சாராயத்தில் ஊறிய மாதிரிகளில் விசிறியின் நிறம் அழிந்துவிடும் என்பது இத்தனை நீண்ட குழப்பத்துக்கு ஒரு காரணம். உயிரோடு, அதுவும் சரியான பருவத்தில் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். அப்படிப் பார்த்தவர்கள் குறைவு.

மாற்றம் 2015-இல் வேகமெடுத்தது. இலங்கையிலிருந்து சிட்டானா பாகிரி, சிட்டானா தேவகை என்ற இரு சிற்றினங்கள் விவரிக்கப்பட்டன. 2016-இல் வி. தீபக் தலைமையிலான குழு தீபகற்ப இந்தியாவின் சிட்டானாக்களை உடலமைப்பாலும் மரபணுவாலும் ஒப்பிட்டு, பல வண்ண விசிறி கொண்டவற்றைச் சரடா என்ற புதிய பேரினமாகப் பிரித்தது. கூடவே ஐந்து புதிய சிற்றினங்களையும் விவரித்தது. ஜெர்டனின் தக்காணச் சிற்றினமும் சரடா தெக்கனென்சிஸ் என்ற பெயரில் உயிர்பெற்றது. சார்லஸ் டார்வினின் பெயரால் சரடா டார்வினி, மகாராட்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்து மேட்டுநிலத்திலிருந்து சரடா சூப்பர்பா ஆகியவை அப்போது வந்தவை. தமிழ்நாட்டிலிருந்து விவரிக்கப்பட்டதற்குப் பனையோலை விசிறியை நினைத்துச் சிட்டானா விசிறி என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் சமவெளியில் வாழும் ஒன்று, ஐந்திணைகளில் இரண்டின் பெயரைத் தாங்கிச் சிட்டானா மருதம்நெய்தல் ஆயிற்று. 2018-இல் கேரளத் தென்கோடிக் கடற்கரையிலிருந்து இயற்கையியலாளர் டேவிட் ஆட்டன்பரோ பெயரால் ஒன்றும், கர்நாடகத்தின் கோகாக்கிலிருந்தும் நாகார்ஜுனசாகர் பகுதியிலிருந்தும் ஒவ்வொன்றும் சேர்ந்தன. கண்ணெதிரே ஓடித் திரிந்த ஒரு பகற்பொழுது விலங்கு, மனிதர் நடமாட்டம் மிகுந்த சமவெளியில், இவ்வளவு காலம் ஒரே பெயருக்குள் அடைபட்டுக் கிடந்தது வியப்புக்குரியது. அடர்காட்டுக்குக் கிடைத்த ஆய்வுக் கவனம் வறண்ட வெளிக்குக் கிடைக்கவில்லை என்பதே இதன் பொருள்.

இவற்றின் பழைய வரலாற்றையும் மரபணு ஆய்வே திறந்து காட்டியது. தீபக்கும் பிரவீண் கரந்தும் 107 இடங்களிலிருந்து திரட்டிய மாதிரிகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, விசிறித்தொண்டை ஓணான்களின் கிளைபிரிதல் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. துணைக்கண்டத்தில் பருவமழைக் காலநிலை நிலைகொள்ளத் தொடங்கிய காலம் அது. ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து கிளைகள் வேகமாகப் பெருகின. பருவமழை தீவிரமாகி, ஆண்டின் ஒரு பகுதி மழையும் மறுபகுதி வறட்சியுமாகப் பிரிந்து, காடுகள் விலகித் திறந்த வெளிகள் பரவிய காலத்தோடு அது ஒத்துப்போகிறது. அந்த ஆய்வு பிரித்தறிந்த 15 சிற்றினங்களில் 13 தீபகற்ப இந்தியாவுக்கு உரியவை. கங்கைச் சமவெளி பரந்து ஒரேமாதிரி கிடக்க, தீபகற்பமோ ஆறுகளாலும் குன்றுகளாலும் மண்வகைகளாலும் துண்டுபட்டுக் கிடக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் தனிப்பட்ட கூட்டங்கள் தனிச் சிற்றினங்களாக மாற வாய்ப்பிருந்தது.

இவற்றின் நெருங்கிய உறவினங்கள் இன்றும் காட்டிலேயே இருக்கின்றன. இலங்கையின் ஈரவலயக் காட்டுத் தரையில் சருகுகளுக்கிடையே வாழும் ஓட்டோகிரிப்டிஸ் வீக்மான்னி அதில் ஒன்று. பின்னங்கால்களால் துள்ளி ஓடுவதால் கங்காரு ஓணான் என்று அறியப்படுவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் வாழும் மற்றொன்று இப்போது அகஸ்தியகாமா என்ற தனிப் பேரினத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. இலங்கைக் காட்டு ஓணானின் ஆணுக்கும் தொண்டை விசிறி உண்டு. ஆகவே இந்த விசிறி வறண்ட நிலத்தில் புதிதாக முளைத்தது அல்ல என்று கொள்ளலாம். காட்டுத் தரையில் தொடங்கிய ஓர் உறுப்பும், காட்டிலேயே பழகிய இருகால் ஓட்டமும் வெட்டவெளிக்கு வந்து விரிவு கண்டன. காடு சுருங்கியபோது காட்டுக் கிளைகள் ஓரிரு ஈரமான மூலைகளில் எச்சமாக ஒடுங்க, வெளிக்கு வந்த கிளை துணைக்கண்டம் முழுவதும் பரவியது. தக்காணத்துப் புல்வெளியும் புதர்வெளியும் மனிதர் வெட்டியதால் மட்டும் தோன்றிய சிதைந்த காடுகள் என்ற கருத்துக்கு எதிராக இந்த ஓணான்களின் வம்சாவளி சாட்சி சொல்கிறது. மனிதர் இங்கே கால்வைப்பதற்குப் பல லட்சம் தலைமுறைகளுக்கு முன்பே வெட்டவெளிக்கென்று உருவான விலங்கு இருந்திருந்தால், வெட்டவெளியும் இருந்திருக்க வேண்டும்.

இந்த நிலங்களில் ஒரு சிறு மாற்றம் எவ்வளவு தூரம் பரவும் என்பதை 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. சாத்தாரா மாவட்டத்தின் சால்கேவாடி மேட்டுநிலத்தில் காற்றாலைகள் பல ஆண்டுகளாக இயங்கி வருகின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மரியா தாக்கர், அமோத் ஸாம்ப்ரே, ஹர்ஷல் போசலே ஆகியோர் காற்றாலை உள்ள பகுதியையும் அதையொட்டிய, காற்றாலை இல்லாத பகுதியையும் ஒப்பிட்டார்கள். காற்றாலை இல்லாத இடத்தில் வேட்டைப் பறவைகள் ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாக இருந்தன. காற்றாலைப் பகுதியில் பறவை குறைந்ததால் சரடா சூப்பர்பாவின் அடர்த்தி மூன்று மடங்கு உயர்ந்திருந்தது. எண்ணிக்கை கூடியதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. அங்கிருந்த ஓணான்கள் மெலிந்திருந்தன. ஒரே இரைக்குப் போட்டி பெருகியிருந்தது. அச்சுறுத்தும்போது அவற்றின் இரத்தத்தில் ஊறும் மன அழுத்த இயக்குநீரின் அளவு குறைவாக இருந்தது. ஆள் மிக அருகில் வந்த பிறகே ஓடின. ஆண்களின் விசிறி நிறமும் மங்கியிருந்தது. வானத்தில் ஏற்பட்ட ஒரு வெற்றிடம், தரையில் வாழும் ஒரு விலங்கின் எடையிலும் இரத்தத்திலும் அச்ச உணர்விலும் தொண்டையின் வண்ணத்திலும் பதிவாகியிருந்தது. உச்சி வேட்டை விலங்கு என்றால் புலியும் சிறுத்தையும் நினைவுக்கு வரும். இந்த மேட்டுநிலத்தில் அந்த இடம் வைரிக்கும் பருந்துக்கும் உரியது. சிட்டானாக்கள் வாழும் திருநெல்வேலி, தூத்துக்குடி சமவெளிகளிலும் காற்றாலைகள் அடர்ந்திருப்பதால் தமிழ்நாட்டுக்கும் இந்த ஆய்வு நேரடியாகப் பொருந்தும் செய்தியாகிறது.

அரசு ஆவணங்களில் இவற்றின் வாழிடத்துக்குக் கிடைத்திருக்கும் இடம் கவலை தருவது. இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பு புதர்நிலங்களையும் மணற்பரப்புகளையும் தரிசு என்ற தலைப்பின்கீழ் சேர்க்கிறது. தரிசு என்று குறிக்கப்பட்ட நிலம் சூரியமின் பண்ணைக்கோ, தொழிற்பேட்டைக்கோ, மரம் நடும் திட்டத்துக்கோ எளிதாகக் கைமாறும். இவற்றில் மரம் நடுவது நன்மையென்றே பரவலாக எண்ணப்படுவதால் அதன் தீங்கு கவனிக்கப்படுவதில்லை. மணல்மேட்டில் நெருக்கமாக நடப்பட்ட சவுக்குத் தோப்பு தரையை நிழலாலும் உதிர்ந்த சருகாலும் மூடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் தென்மாவட்டங்களின் புதர்வெளிகளை அடைத்துக்கொண்டு தரையை இருளாக்குகிறது. வெயிலும் நிழலும் அடுத்தடுத்துத் தேவைப்படும் விலங்கு உடலைச் சூடேற்றவும், முட்டையிடவும், ஏறி நின்று விசிறி காட்டவும் அங்கே இடமிருக்காது. மாறாக, ஆடுமாடு மிதமாக மேயும் புறம்போக்கிலும் உழாமல் விட்ட மானாவாரி நிலத்திலும் இந்த ஓணான்கள் மனிதரோடு சேர்ந்தே வாழ்ந்து வந்திருக்கின்றன. ஆகவே வேலியடைத்து மனிதரை வெளியேற்றும் பாதுகாப்புமுறை இவற்றுக்குத் தேவைப்படாது. நிலம் திறந்தபடியே இருந்தால் போதும்.

ஒரே பெயருக்குள் ஏறக்குறைய இருபது சிற்றினங்கள் ஒளிந்திருந்தது தெரிந்த பின் பாதுகாப்பின் கணக்கும் மாறுகிறது. துணைக்கண்டம் முழுவதும் பரவிய ஒரு சிற்றினம் என்றால் ஒரு மாவட்டத்தில் அழிந்தாலும் மற்ற இடங்களில் இருக்கும். ஓரிரு மாவட்டங்களில் மட்டும் வாழும் சிற்றினத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. மருதம்நெய்தல் சிட்டானாவின் சமவெளியும், ஆட்டன்பரோ சிட்டானாவின் கடலோர மணல்மேடும் கட்டடங்களும் சாலைகளும் நெருக்கும் இடங்கள். இத்தகைய நிலங்களில் ஒரு திட்டம் வருமுன் செய்யப்படும் உயிரினக் கணக்கெடுப்பு எந்த மாதத்தில் நடக்கிறது என்பதும் முக்கியம். பருவம் முடிந்து விசிறி சுருங்கிய ஆணையும், எப்போதும் மண்ணிறத்தில் இருக்கும் பெண்ணையும் வைத்துச் சிற்றினத்தைப் பிரித்தறிவது வல்லுநர்களுக்கே கடினம். ஆண்கள் கல்லின்மேல் ஏறி விசிறி விரிக்கும் கோடை மாதங்களில் கணக்கெடுத்தால்தான் அங்கே வாழ்வது எந்தச் சிற்றினம் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.